தொய்வு

மாங்குளத்துக் கொண்டெய்னர் ஒஃபிசில்
ஃபான் வெக்கையை எல்லாருக்கும் பங்கிடுகிறது.
நாலு திட்டம். நாலு ஃபைல்.
நாலுக்கும் தனித்தனியே ஒரு சிவப்பு.

கிரிட்டிக்கல் பாத் என்று மென்பொருள் சொல்லும்.
நாங்கள் சிவப்பு என்போம்.
சிவப்பில் ஒரு நாள் பிந்தினால்
முடிவும் ஒரு நாள் பிந்தும்.
மற்றதெல்லாம் நீலம். நீலத்துக்குத் தொய்வு உண்டு:
இத்தனை நாள் பிந்தலாம், ஒருவரும் கேளார்.

நேசரூபனின் முப்பத்திரண்டு வீடுகளில்
கூரை சிவப்பு.
றோட்டுக்காரருக்கு ஒலுமடு மதகு.
குளக்கட்டுக்கு மண் நிரப்பி இறுக்கும் வேலை.
இமெல்டாவின் மிதிவெடி ஃபைலிலோ
கிரவல் குழியை ஒட்டிய பற்றைக்காட்டு மூலை
பதினெட்டு நாள் தொய்வோடு
நீலமாய்ப் படுத்துக் கிடந்தது.

எல்லாம் ஒரே தாளில் வேணும் என்றது கொழும்பு.
தைத்தேன்.
அந்த மூலை வெளித்தால்தான் கிரவல்.
கிரவல் வந்தால்தான் மதகுக்கு மேலே றோட்டு.
றோட்டு வந்தால்தான் சீமெந்து லொறி.
குளக்கட்டுக்கும் அதே கிரவல்தான்.
ஃபைலுக்கு ஃபைல் அம்புக்குறி இழுத்து முடிய
பின்னேரம் ஆச்சு. கணக்கிடு என்றேன்.

சிவப்பு எழும்பி நடந்தது.
கூரையை விட்டது,
மதகை விட்டது,
ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.
குளக்கட்டு சித்திரையில் முடியும், எல்லாவற்றிலும் பிந்தி;
ஆகவே இந்தத் தாளுக்கு அது ஒன்றே முடிவு.
வீடுகள் ஐப்பசியிலேயே முடிந்துவிடுமாம்,
ஆகவே அவற்றுக்கு
நூற்று எழுபத்தொரு நாள் தொய்வு
என்றது திரை, தாராள மனதோடு.
சிவப்பு, இமெல்டாவின் மூலையில் போய் நின்றது.

நேசரூபன் போன் எடுத்தான்:
"உன்ர தாளில எங்களுக்கு அவசரமில்லையாம்.
என்ர மேசன்மாரை வவுனியாவுக்கு விடட்டோ?"

இமெல்டாவுக்குக் கொழும்பிலிருந்து கடிதம்:
ஆட்களைக் கூட்டவும், துரிதப்படுத்தவும்.
அவள் கவசத்தைக் கழற்றாமலே சிரித்தாள்.
"ஒரு ஒழுங்கைக்கு ஒருத்திதான், பிள்ளை.
ஒரு நாளைக்குப் பத்துச் சதுர மீற்றர்.
நேற்று வரைக்கும் இது ஆறுதலாச் செய்யலாம் எண்டவை.
நிலம் அப்பவும் இதே நிலம்தானே."

பத்தொன்பதாம் இலக்க வீட்டுக்குப் போனேன்.
சுவர் ஜன்னல் உயரத்தில் நிற்கிறது.
பக்கத்தில் தறப்பாள். அதன் நடுவில்
ஆவணியில் வழிதவறி வந்த மழை
அரைக்குடம் தேங்கி, துணி தொய்ந்து,
தொட்டிலுக்கு ஒரு முழம் மேலே தொங்கியது.
குலநாயகி விளக்குமாற்றுக் கட்டையால்
உள்ளிருந்து உந்தினாள்.
தண்ணீர் என் சப்பாத்தில் விழுந்தது.
"மாரிக்கு முதல் ஓடு போடுவினமோ?"
நூற்று எழுபத்தொன்றை
நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

திரும்பி வந்து தேடினேன்.
அமைப்புகளுக்குள்ளே, கீழே, ஒரு சின்னப் பெட்டி:
ஒவ்வொரு முடிவுக்கும் தனித்தனியே பாதை காட்டு.
சரி போட்டேன்.
கூரைக்குச் சிவப்பு திரும்பி வந்தது,
மதகுக்கும். மூலையிலும் அப்படியே.
நேசரூபனுக்கு அனுப்பினேன்: ஒருவரையும் விடாதே.

கொழும்பு கேட்டது: எது உண்மையான சிவப்பு?
"எந்த முடிவிலிருந்து பின்னோக்கி எண்ணுகிறீர்கள் என்பதைப்..."
அழித்தேன்.
"ஐப்பசி மழை" என்று எழுதினேன்.
அதையும் அனுப்பாமல் வைத்திருக்கிறேன்.

ஐந்து மணிக்கு இமெல்டாவின் குறுஞ்செய்தி:
இண்டைக்கு ஏழரை. பாலை வேர் ஒண்டு குறுக்கே.

ஏழரை என்று தட்டினேன்.
மூலை கால் நாள் நகர்ந்தது.
கிரவல், மதகு, லொறி,
பத்தொன்பதாம் இலக்கக் கூரை
ஒவ்வொன்றாய், மெதுவாக,
வலது பக்கம் தள்ளி உட்கார்ந்தன.